ஆறு சுரத்தில் ஒரு விடுமுறை

பல்செட் செய்யும் கூடத்தில் அவரைக் கடவாயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முன்பல் வேலையை யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை. முன்பல் என்றால் சிரிக்கும்போது தெரியும், தப்பு வந்தால் ஊரே பார்க்கும். கடவாய்ப்பல்லை யார் பார்க்கப்போகிறார்கள்? கொட்டாவி விட்டால்தான் உண்டு. அதனால் முதல் பத்து வருடம் வெறும் கடவாய்ப்பல்லாகச் செய்து தள்ளினார். பிறகு முன்பல்லும் கைக்கு வந்தது, கூடத்துக்கே பொறுப்பாளராகவும் ஆனார். பெயர் மட்டும் வாயின் பின்பக்கத்திலேயே தங்கிவிட்டது.

நாற்பத்தாறு வயது. ஒரு கணவர், கல்லூரியில் படிக்கும் ஒரு மகள், வலது பெருவிரலில் மெழுகு சுட்ட தழும்பு ஒன்று. மனிதர்களைச் சந்தித்தால் முகம் அப்புறம்தான், முதலில் பல். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை எப்படி என்று தோழி கேட்டபோது, கீழ்வரிசை கொஞ்சம் நெருக்கம், மற்றபடி நல்ல மனிதர் என்று பதில் சொன்னவர்.

இப்படிப்பட்டவருக்குக் கிளாரினெட் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் சங்கீதக் காதல் என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். உண்மையான காரணம் பாத்திரம்.

ஆண்டு இறுதி விடுமுறையின் முதல் ஞாயிற்றுக்கிழமை கணவர் வீட்டுச் சொந்தம் மொத்தமும் நாத்தனார் வீட்டில் கூடும். நாத்தனார் என்றால் கணவருக்கு மூத்தவர், ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போடுகிறவர். எழுபது ஆசிரியர்களை மணிக்கணக்குப் பிசகாமல் ஓட்டிய கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? நாற்பத்திரண்டு பேர் சாப்பிட்டு எழுந்ததும் கலை நிகழ்ச்சி. அதற்கான விதிகளை நாத்தனாரே எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தார். நிகழ்ச்சி கொடுப்பவருக்குப் பாத்திர வேலை கிடையாது. நிகழ்ச்சி விடுமுறையைப் பற்றியதாக, எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். பாதியில் நிறுத்தியவர் நிகழ்ச்சி கொடுக்காதவராகவே கருதப்படுவார். நிகழ்ச்சி கொடுக்காதவர்கள் கழுவும் தொட்டிக்குப் போக வேண்டும்.

பார்த்தால் நியாயமான சட்டம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் கலை இல்லாத ஆளே கிடையாது. ஒருவர் சீட்டுக்கட்டு வித்தை. ஒருவர் சொந்தக் கவிதை, அதுவும் பாகம் பாகமாக. நாத்தனாருக்குக் கீபோர்டு. நாத்தனாரின் கணவர் வருடத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற மனிதர், அவருக்கும் மனைவிக்குப் பக்கம் திருப்பிக்கொடுக்கும் கலை இருந்தது. கடவாயக்காவின் கணவர் ரயில் மாதிரிச் சத்தம் போடுவார். விடுமுறைக்கு ஊருக்குப் போகிற ரயில் என்று சொல்லி விதிக்குள் வந்துவிட்டார். பிள்ளைகளுக்கோ குழாய் எட்டாது. கடைசியில் கலை எட்டாத ஒரே ஆள் கடவாயக்கா. பத்தொன்பது வருடமாக அந்தத் தொட்டி அவருடையது.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு வருடம் விடுகதை போட்டார். அதன் விடை எனக்கே தெரியும், இது எப்படி நிகழ்ச்சியாகும் என்று நாத்தனார் தள்ளுபடி செய்தார். இன்னொரு வருடம் சோப்புக் கட்டியில் ஒரு கடவாய்ப்பல்லை நாலே நிமிடத்தில் செதுக்கிக் காட்டினார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள் (அவர் எல்லோருடைய வாயையும் பார்த்துக்கொண்டார்). அது கைவேலை, கண்காட்சியில் வைக்கலாம், கலை நிகழ்ச்சியில் சேராது என்று தீர்ப்பு வந்தது. செதுக்கிய சோப்பு வீணாகவில்லை, அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க உதவியது. பாடலாம் என்றால், மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் தாலாட்டைக் கேட்டுச் சட்டென்று தூங்கிவிடுவாள். தாலாட்டு நிற்க வேறு வழி இல்லை என்று அந்த வயதிலேயே அவளுக்குப் புரிந்திருந்தது.

இந்த வருடம் மழை தொடங்கிய மாதத்தில் பல் டாக்டர் ஒரு கறுப்புப் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய பெண் மூன்று வாரம் கிளாரினெட் கற்று, பிறகு நீச்சலுக்கு மாறிவிட்டாளாம். யாருக்காவது வேண்டுமா என்றார். பிளாஸ்டர் தூசிக்கு நடுவே கடவாயக்கா கையைத் தூக்கினார். நாத்தனார் வீட்டுத் தொட்டியின் ஓரத்தில் படிந்திருக்கும் வெள்ளைக் கறை அந்த நொடியில் அவர் கண்முன் வந்து போனது.

ஒன்றரை மாதத்தில் ஆறு சுரம் படிந்தது. வாத்தியத்தின் கீழ்ப்பாதியில் கிடக்கும் ஆறு சுரம். அதற்கு மேலே போக வேண்டுமானால் இடது பெருவிரலால் பின்பக்கத்து விசை ஒன்றைத் தொட்டபடி, மற்ற விரல்கள் அத்தனையாலும் எல்லாத் துளையையும் ஒரே நொடியில் மூட வேண்டும். ஒரு துளை மயிரிழை திறந்திருந்தாலும் கீச்சென்று ஒரு சத்தம் வரும். முதல் முறை அந்தச் சத்தம் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஏணியோடு வந்து, எலி எங்கே என்று கேட்டார்.

ஆறு சுரத்துக்குள் அடங்குகிற ஒரு விடுமுறைப் பாட்டு. அவ்வளவுதான் தேவை. உலகத்தில் அது கிடைக்காமல் போகுமா என்று மகளும் அம்மாவும் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். எளிய பாட்டு என்று தேடினால் ஆயிரம் வந்தது. மிக எளியது என்று தேடினால் மூவாயிரம். முதல் வரியில் சுரங்கள் நல்ல பிள்ளைகளாகக் கீழ்க்கோட்டில் உட்கார்ந்திருக்கும். மூன்றாவது வரிக்கு வந்ததும் சர்க்கரை வாசம் பட்ட எறும்பு மாதிரி வரிசையாக மேலே ஏறும். எளிமை என்பது இரண்டு வரிக்குத்தான் என்று அந்த வட்டாரத்தில் ஏதோ ஒப்பந்தம் இருக்கிறது போலும்.

இசைக்கருவிக் கடையில் ஒரு புத்தகம் கிடைத்தது. தொடக்க மாணவர்க்கான விடுமுறைப் பாடல்கள், படிப்படியாக. அட்டையில் ஒரு குழந்தை கிளாரினெட்டோடு சிரித்துக்கொண்டிருந்தது. கடவாயக்கா அந்தச் சிரிப்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்தப் புத்தகம் வேண்டாம்ப்பா."

கடைக்காரர் உள்ளே பிரித்துக்கூடப் பார்க்கவில்லையே என்றார்.

"இந்தப் பிள்ளைக்கு மேல் முன்பல் ரெண்டும் விழுந்திருக்கு. கிளாரினெட்டோட முனை மேல்பல்லுலதான் உக்காரணும். பல்லே இல்லாத பிள்ளை கையில கொடுத்துப் படம் எடுத்திருக்காங்கன்னா, உள்ள மட்டும் யோசிச்சா எழுதியிருப்பாங்க?"

கடைக்காரர் பதிலுக்கு மாடியைக் காட்டினார். கடைக்கு மேலேயே ஒரு வகுப்பு நடந்தது. இருபத்தெட்டு வயது மாஸ்டர். நன்றாகச் சொல்லிக்கொடுப்பார், ஆனால் தலைக்கனம் என்று கேள்வி. ஒரு சுரம்கூட வாசித்துக் காட்ட மாட்டாராம். நான் வாசித்தால் என்னைக் காப்பியடிப்பீர்கள், உங்களுக்கென்று ஒரு நாதம் வராமல் போய்விடும் என்பாராம். மாணவர்கள் அதைப் பெரிய தத்துவமாக நினைத்துக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார்கள்.

கடவாயக்கா இரண்டு வகுப்பு பொறுத்தார். மூன்றாவது வகுப்பில் மற்றவர்கள் போகும்வரை தன் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அறை காலியானதும் கேட்டார்.

"மாஸ்டர், அந்த முன்பல் ரெண்டும் எப்பப் போச்சு?"

"எந்தப் பல்லு, அக்கா?"

"இப்ப நாக்கால தூக்கி வெச்சீங்களே, அது."

மாஸ்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். போன வருடம் வண்டியிலிருந்து விழுந்ததில் போனதாம். அவசரத்துக்கு எங்கேயோ செய்துகொண்ட பல்செட். வாத்தியத்தை வாயில் வைத்து ஊதினால் அது ஆடும், அழுத்தி ஊதினால் கழன்று நாக்கில் விழும். பல்லைக் கையில் பிடித்தபடி யாருக்குப் பாடம் நடத்துவது? அதனால்தான் தத்துவம்.

"யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"உங்க மத்த பல்லெல்லாம் டீ குடிக்குது. அந்த ரெண்டு மட்டும் குடிக்கல."

அன்றைக்கே அங்கே ஓர் உடன்படிக்கை ஆனது. டாக்டரிடம் வாயின் அச்சு எடுத்துக்கொண்டு வந்தால், ஊதினாலும் இருமினாலும் அசையாத உலோகப் பிடி போட்ட பல்செட்டைக் கடவாயக்கா தன் கையால் செய்வார். பதிலுக்கு ஆறே சுரத்தில் ஒரு விடுமுறைப் பாட்டை மாஸ்டர் எழுதித்தர வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டாக இருக்க வேண்டும் என்ற விதியையும் அக்கா சொன்னார். எதற்கு என்று மாஸ்டர் கேட்டார். பாத்திரம் என்றார் அக்கா. அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணம் ஆனவர்.

பள்ளி மூடுகிற நாளில் பிள்ளைகள் கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடுவார்களே, பெட்டி கட்டு, பெட்டி கட்டு என்று ஒரு பாட்டு, அதை மாஸ்டர் எடுத்துக்கொண்டார். முதல் இரண்டு வரிக்கு ஐந்து சுரம் போதும். தகராறு மூன்றாவது வரியில்தான். ஏறு ஏறு வண்டியில் என்று வரும் இடத்தில் மெட்டும் வார்த்தையோடு சேர்ந்து உச்சிக்கு ஏறிவிடும்.

மாஸ்டர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒண்ணும் பிரச்சினை இல்லக்கா. அவங்க வண்டியில ஏறட்டும். நாம இறங்கிக்கலாம்."

மேலே போக வேண்டிய மெட்டைக் கீழே திருப்பி எழுதினார். விசித்திரமாக அதுவும் நன்றாகவே இருந்தது. யாரோ வழியனுப்ப வந்து, பயணம் போகாமல் வீட்டுக்குத் திரும்புவது போல.

பல்செட் பொருந்திய நாளில் மாஸ்டர் முதன்முறையாக வகுப்பில் வாசித்தார். கீழே கடைக்காரர் விற்பனையை நிறுத்திவிட்டுக் கேட்டார். மாணவர்கள் குறிப்பேட்டிலிருந்த தத்துவத்தை அடித்துவிட்டார்கள். கடவாயக்கா மட்டும் இசையைக் கேட்கவில்லை, பிடி அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அசையவில்லை.

கிளம்பும்போது மாஸ்டர் இன்னொரு காகிதத்தையும் கொடுத்தார். "உங்களுக்கு யாராவது கீபோர்டு வாசிக்கிறதா இருந்தா இதைக் குடுங்க. கிளாரினெட்டுக்கு எழுதினதைப் பாத்துக் கீபோர்டு வாசிக்கக் கூடாது. ஒரே சுரத்தை ரெண்டு பேரும் வாசிச்சாலும் கிளாரினெட் ஒரு படி கீழதான் பேசும். அதோட பிறவிக் குணம் அது. கீபோர்டுக்கு வேற காகிதம், மறந்துடாதீங்க."

கடவாயக்கா மறக்கவில்லை. இரண்டு காகிதத்தையும் கிளாரினெட் பெட்டிக்குள் வைத்தார்.

செய்தி நாத்தனாருக்கு எட்டியது. ரயில்காரக் கணவர் வாயில் ரகசியம் எந்த நிலையத்திலும் நிற்காது. மறுநாளே போன் வந்தது. கடவாயக்கா ஊதப்போவது பற்றி நாத்தனாருக்கு ரொம்பச் சந்தோஷம். அவ்வளவு சந்தோஷத்திலும் அவருக்கு ஒரு கவலை. இவளும் கலைஞி ஆகிவிட்டால் தொட்டியடியில் நிற்பது யார்? கால அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் தானே கீபோர்டில் துணைக்கு வாசிப்பதாகச் சொன்னார். புதிதாக ஊதுகிற ஆள் தடுமாறி நடுவில் நிறுத்திவிடக் கூடாதே என்ற அக்கறை. நிறுத்தினால் விதி என்ன சொல்கிறது என்பது அவருக்குத் தெரியாததும் இல்லை.

"உன் பாட்டுக் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பும்மா."

"அண்ணி, உங்களுக்குன்னு தனிக் காகிதம் ஒண்ணு இருக்கு."

"எனக்கு எதுக்கு தனியா? முப்பது வருஷமா கீபோர்டு வாசிக்கிறேன். நீ பாத்து ஊதுறதையே எனக்கும் அனுப்பு, போதும்."

கடவாயக்கா அனுப்பினார். ஒருமுறை சொல்வது கடமை. இரண்டாம் முறை சொன்னால் அது உபதேசம் ஆகிவிடும், நாத்தனாருக்கு உபதேசம் செய்வது மரியாதையும் அல்ல. அவர் மரியாதை தெரிந்த குடும்பத்தில் வளர்ந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்தது. சமையலறையில் தட்டுகள் தொட்டிக்கு மேலே கோபுரமாக எழுந்து, பக்கத்து மேடைக்கும் கிளை பரப்பியிருந்தன. கூடத்தில் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. நாத்தனார் கீபோர்டுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார், அவர் கணவர் திருப்புவதற்குப் பக்கமே இல்லாத ஒற்றைக் காகிதத்துக்கு அருகில் கடமை தவறாமல் நின்றார். கடவாயக்கா நாதம் எழுப்பும் பிரம்புச் சீவலை வாயில் ஊறவைத்து, முனையில் பொருத்தி, மூச்சை வயிறு வரை இழுத்தார். தலையாட்டினார். இருவரும் தொடங்கினார்கள்.

முதல் சுரத்திலேயே நாற்பது முகங்களும் ஒரே மாதிரி சுருங்கின. புளிக்கும் காயை எல்லோரும் ஒரே நேரத்தில் கடித்தது போல. இரண்டாவது சுரம் முதலாவதைவிட மோசம். ஒரே பாட்டு, ஒரே வேகம், ஆனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஒரே சுவரை இடித்துக்கொண்டிருந்தன. முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. தப்பு யார் பக்கம் என்று தெரிந்துகொள்ள எல்லோரும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடவாயக்காவின் கணவர் வழக்கம்போலத் தன் அக்கா பக்கம் ஒரு கண்ணும் மனைவி பக்கம் ஒரு கண்ணும் வைத்துக்கொண்டார்.

நாத்தனார் வாசித்துக்கொண்டே ஏதோ சொன்னார். நிறுத்து என்றோ, தப்பு என்றோ. கிளாரினெட் கற்றுக்கொள்வதில் உள்ள பெரிய லாபத்தைக் கடவாயக்கா அப்போதுதான் உணர்ந்தார். வாயில் அது இருக்கும்வரை நாத்தனாருக்குப் பதில் சொல்ல முடியாது, சொல்லவில்லையே என்று யாரும் குறையும் சொல்ல முடியாது. கண்ணைக் காகிதத்தில் வைத்து ஊதிக்கொண்டே இருந்தார்.

நாத்தனார் கீபோர்டுதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். அது தாளம் போட ஆரம்பித்தது. அதை நிறுத்த இன்னொன்றை அழுத்தினார். தாளம் இரண்டு மடங்கு வேகமானது. கடைசியில் சுவரில் இருந்த சுவிட்சையே அணைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த அமைதிக்குள் கிளாரினெட் தனியாகக் கேட்டது. தடித்த, கொஞ்சம் தூக்கக் கலக்கமான, ஆனால் சுத்தமான குரல். பெட்டி கட்டு என்று பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது வரியில் கூட்டம் முழுக்க வண்டியில் ஏறியது, கடவாயக்கா மட்டும் இறங்கினார். கடைசி வரியில் ஒருமுறை கீச்சென்றது. ஒரே ஒரு முறை. பாட்டு முடிந்தது. முனையை வாயிலிருந்து எடுத்தார்.

கைதட்டல் அடங்குமுன் நாத்தனார் எழுந்தார். இது கணக்கில் வராது, கருவி கோளாறு, இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்க வேண்டியது ஒருத்தரோடு முடிந்திருக்கிறது, ஆகவே நிகழ்ச்சியே நடக்காததாகத்தான் கொள்ள வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடவாயக்கா வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். இருபதாவது வருடத்துப் பாத்திரமும் அந்தத் தீர்ப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. வாயில் இப்போது கிளாரினெட் இல்லை. மறுபடி எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தார்.

அப்போது நாத்தனாரின் கணவர் மெல்ல நடந்து சமையலறைக்குப் போனார். குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த தாளைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பாதியில் நிறுத்தியவர் நிகழ்ச்சி கொடுக்காதவராகவே கருதப்படுவார்," என்று படித்தார். பிறகு தாளைத் தூக்கிக் காட்டினார். "கையெழுத்து உன்னுதுதான்."

அந்த வருடத்துக்கான அவருடைய வாக்கியங்களில் இரண்டு செலவாகிவிட்டன.

நாத்தனாரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், தான் போட்ட அட்டவணையைத் தானே மீறுகிற ஆள் என்று மட்டும் சொல்ல முடியாது. வளையலை மேலே ஏற்றிக்கொண்டார். எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். நேராகச் சமையலறைக்குள் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

கடவாயக்கா முன்வரிசையில் ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தார். அந்தக் கூடத்தில் நிகழ்ச்சி பார்க்க அவர் முதல்முறையாக உட்காருகிறார். நாற்காலி எப்படி இருக்கிறது என்று சாய்ந்து பார்த்தார். நன்றாகவே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சமையலறை வாசலில் நாத்தனார் தலை தெரிந்தது. முழங்கை வரை நுரை. கடவாயக்காவைக் கண்ணால் கூப்பிட்டார். கடவாயக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே காதைக் கொடுத்தார்.

"தனிக் காகிதம்னு ஏதோ சொன்னியே."

"சொன்னேன் அண்ணி."

"அதுல என்ன இருந்துச்சு?"

"அதைப் பாத்து வாசிச்சிருந்தா ரெண்டும் ஒத்துப் போயிருக்கும்னு மாஸ்டர் சொன்னார்."

நாத்தனார் அவரை நெடுநேரம் பார்த்தார். எழுபது ஆசிரியர்களின் சாக்குகளைக் கேட்டுப் பழகிய கண். கடவாயக்கா அந்தக் கண்ணைத் தவிர்க்காமல், கடவாய்ப்பல் தெரியாத அளவுக்கு மட்டும் சிரித்தார்.

"எங்க அது? இப்பவே குடு. நான் மறுபடி வாசிக்கிறேன்."

"பெட்டியிலதான் இருக்கு அண்ணி. கை ஈரமா இருக்கே. முடிச்சுட்டு வாங்க, காகிதம் நனைஞ்சிடும்."

தலை உள்ளே போனது. ஒரு பெரிய பானை தரையில் உருண்டது.

பிறகு சீட்டுக்கட்டு வித்தை நடந்தது, சீட்டு கடைசிவரை கிடைக்கவில்லை. கவிதையின் ஆறாம் பாகம் நடந்தது. குழாய்ச் சத்தத்துக்கு மறுபுறம் நின்றுகொண்டு பத்தொன்பது வருடமாகத் தாம் என்னவெல்லாம் இழந்துவிட்டோம் என்று ஏங்கியவருக்கு, அது என்னவென்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. அதன் பிறகு அவர் கணவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். இந்த முறை பயணிகள் ரயில் மட்டும் இல்லை, பின்னாலேயே ஒரு கூட்ஸ் வண்டியும் உண்டு என்று அறிவித்தார். ஐம்பத்தெட்டுப் பெட்டி.

பன்னிரண்டாவது பெட்டியில் கவிஞர் தூங்கினார். இருபதாவது பெட்டியில் மகள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டுத் திரும்பவில்லை. முப்பதாவது பெட்டியில் சமையலறைக்கு உதவி வேண்டுமா என்று மூன்று பேர் ஆர்வமாக எழுந்தார்கள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்கூட வந்தது.

கடவாயக்கா அசையவில்லை. முதுகை நேராக வைத்து, இரண்டு கையையும் காய்ந்த மடியில் வைத்து, ஐம்பத்தெட்டுப் பெட்டியும் போகும்வரை முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்.